சுட்ட நேரத்தை எழுதி வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். வேலை மாற்றலில் நாகர்கோவிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் மகளைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு பேக்கரி பேக்கரியாகச் சுற்ற ஆரம்பித்தேன், இப்போது அது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. வடசேரி, கோட்டாறு, பார்வதிபுரம் என்று ஊருக்குள் தொடங்கி தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் வரை போய் வந்துவிட்டோம். இப்படிச் சுற்றியதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊர் மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றுதான் பொருள். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். அதனால் "எப்போ போட்டது?" என்று கேட்காமல் நாங்கள் வாங்க மாட்டோம், கடைக்காரரும் கோபப்பட மாட்டார். அதே பழக்கத்தில் இங்கேயும் ரொட்டி வாங்கும்போது கேட்டேன். பல கடைகளில் பில் போடும் பையனுக்கு அந்த ரொட்டி எங்கே சுட்டது என்பதே தெரியவில்லை. ஒரு கடையில் "இன்னைக்குப் போட்டதுதான் சார்" என்று தைரியமாகச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் தேதி ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் நான்கு நாள் முந்தைய தேதி. அந்த ரொட்டியைத்தான் மறுநாள் காலையில் மகளுக்குக் கொடுப்பதாக இருந்தேன்.

ஆனால் இதே மாவட்டத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை கூடச் சரியாகத் தெரியாத கடைகளில் விறகு ஓவனில் ரொட்டி சுடுகிறார்கள். மேற்குப் பக்கம் அதைப் போர்மா என்கிறார்கள், மலையாளத்திலும் அதே சொல்தான். தக்கலைக்கு அருகே அப்படி ஒரு கடையில் மாஸ்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். செங்கல் அறைக்குள்ளேயே ரப்பர் விறகைப் போட்டு மணிக்கணக்கில் எரிக்கிறார்கள், அப்புறம் கங்குகளையெல்லாம் வெளியே வாரிவிட்டுக் கதவை மூடிவிடுகிறார்கள். "தீயை எடுத்த பெறவுதான் சாரே வேலையே" என்றார். சுவரில் தங்கிய சூடுதான் ரொட்டியை வேக வைக்கிறது. ஒரு பிடி மாவை உள்ளே எறிந்து அது எவ்வளவு வேகமாகக் கருகுகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணிக்கிறார், தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. சூடு கூடுதலாக இருக்கும்போது ரொட்டியும் பன்னும், கொஞ்சம் தணிந்ததும் கேக், ராத்திரி மிச்சச் சூட்டில் ரஸ்க். ஒரே தீயில் ஒரு நாள் வேலை முழுக்க நடக்கிறது! அந்த ரொட்டியின் மேல்தோல் லேசாகப் புகை மணத்தோடு இருக்கும், உள்ளே பஞ்சு மாதிரி. மகள் வழியிலேயே பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டாள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். தினமும் தீ போட்டால் சுவர் முழுசாக ஆறாது, கொஞ்சம் விறகு போதும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டால் திரும்பச் சூடேற்றவே விறகு அள்ளிக்கொண்டு போகும். ஆக, விற்பனை குறைந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுட ஆரம்பித்தால் செலவும் கூடும், சரக்கும் பழசாகும், அப்புறம் கடை நிற்காது. சுட்ட ரொட்டியைச் சூட்டோடு வெட்டிப் பையில் போட்டால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மணிக்கணக்கில் ஆற வைக்கிறார். கெடாமல் இருக்க மருந்து எதுவும் போடுவதில்லை, அதனால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது, ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்.

இவ்வளவு பாடுபடுகிறவரின் கடையில் இதைச் சொல்ல ஒரு வரி கூட எழுதி வைத்திருக்கவில்லை. என்னைப் போல வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அவர் ரொட்டியும் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டியும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று போலத்தான் தெரியும். பாக்கெட்டில் போடாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும், இது 2020 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் விதி. இனிப்புத் தட்டில் வைக்கிற அந்தச் சின்ன அட்டையை ரொட்டிக்கும் பன்னுக்கும் வைக்க என்ன கஷ்டம்? இங்கேயே சுட்டது, காலை 5 மணி. இவ்வளவு போதும். வெளியிலிருந்து வரவழைத்தது என்றால் அதையும் எழுதட்டும், வாங்க நினைக்கிறவர்கள் தெரிந்து வாங்கட்டும்.

பொருளைப் பற்றியும் எழுதலாம். இந்த மாவட்டத்து மலைகளில் விளைகிற கிராம்புக்கு 2021-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. முந்திரி ஆலைகளோ இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் கிராம்பும் உண்டு, முந்திரியும் உண்டு. "நம்ம ஊர் கிராம்பு போட்ட கேக்" என்று எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் கடைகளுக்கு வரும்போது இந்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தேதி ஸ்டிக்கரைக் கொஞ்சம் உரித்தும் பார்க்க வேண்டும். பேக்கரி நடத்துகிறவர்களோ யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு சாக்பீஸும் சிலேட்டும் இருந்தால் நாளைக்கே செய்யலாம். டிசம்பர் கேக் ஆர்டர் தொடங்கும் முன்பே செய்தால் இன்னும் நல்லது, வெளியூர்களில் இருந்து நிறையப் பேர் வீட்டுக்கு வருகிற மாதம் அது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
வடசேரி, நாகர்கோவில்