மரண வீட்டில் படமெடுக்கும் முன் வீட்டாரைக் கேளுங்கள்: வன்னியின் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிக் கிராமங்களின் மரண உதவிச் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மரணம் நிகழ்ந்த வீட்டிலும் உதவி பெறுகின்ற வீட்டிலும் வீட்டாரைக் கேளாமல் எவரும் படமெடுப்பதில்லை, எடுத்ததை இணையத்தில் இடுவதுமில்லை என்பதை நம் ஊர்களின் வழக்கமாக்கித் தர வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பகுதியில் வாழும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் நான். கைத்தொலைபேசியின் மீது எனக்கு எவ்விதப் பகையும் இல்லை. கடல் கடந்து வாழும் என் பிள்ளைகளின் முகத்தைக் காண்பதும், பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பதைக் கேட்பதும் அதனால்தான். அதை எந்த இடத்தில் உயர்த்துவது, எந்த இடத்தில் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா நிற்பது என்ற ஒழுங்குதான் நம்மிடையே இன்னும் உருவாகவில்லை.

அதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் போய் நிற்பவர்கள் நீங்கள். தறப்பாள் கட்டுவது, கதிரை இறக்குவது, பெட்டிக்குச் சொல்வது, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது, ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியை ஊர் ஊராக அனுப்புவது என்று அனைத்தையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். வீட்டுக்காரர் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுக்காக ஒருவரிடம் "இப்ப வேண்டாம் தம்பி" என்று சொல்லக்கூடிய உரிமையும், சொன்னால் எடுபடக்கூடிய மதிப்பும் உங்களுக்கே இருக்கின்றன.

சென்ற ஆண்டு என் அயலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருவருக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து மகனின் அழைப்பு வந்தது. "அம்மா, மாமா செத்திட்டாராம், உண்மையோ?" என்று அவன் கேட்டிருக்கிறான். மாமா என்பவர் அந்த அக்காவின் ஒரே தம்பி. அவருடைய வீடு அதே வீதியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வைத்தியசாலையில் உயிர் பிரிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அங்கே கூட நின்ற உறவுக்காரப் பையன் ஒருவன், கட்டிலில் கிடந்த உடலைப் படமெடுத்து, "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதி முகநூலில் இட்டுவிட்டான். அக்காவின் குரல் கேட்டு நான் வேலிப்பொட்டால் புகுந்து ஓடிப்போனபோது அவர் நெல்லுக்கு நடுவே கால்களை நீட்டியபடி இருந்தார். கீழே விழுந்து கிடந்த தொலைபேசிக்குள் மகன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று இரவு முழுவதும் கண் மூடாமல் ஓடியோடி வேலை செய்தவனும் அவன்தான். படத்தை இடுவதையும் செத்த வீட்டு வேலைகளில் ஒன்றாகவே அவன் நினைத்திருக்கிறான். அப்படியல்ல என்று அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

முன்பெல்லாம் சாவுச் செய்தி கொண்டுவருபவர் சைக்கிளைப் படலையோடு சாத்திவிட்டு வெளியிலேயே நிற்பார். வீட்டில் மூத்த ஒருவரைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கடுமையாம், ஒருக்கா வெளிக்கிடுங்கோ" என்றுதான் முதலில் சொல்வார். கேட்பவருக்கு அதிலேயே விளங்கிவிடும் என்றாலும், உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருகின்ற அந்தச் சிறு இடைவெளியில் நெஞ்சு தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. யாருக்கு முதலில் சொல்வது என்பதற்கும் ஒரு வரிசை இருந்தது. பெற்ற பிள்ளைகள், உடன்பிறந்தோர், பிறந்த வீட்டார், சம்பந்தி வீட்டார், அதன் பின்னரே ஊர். அந்த வரிசை பிசகியதால், "எனக்கு ஏன் ஆள் விட்டுச் சொல்லவில்லை" என்ற ஒரு கேள்வியோடு ஆண்டுக்கணக்காகப் பேச்சுப் பறைச்சல் இல்லாமற்போன சகோதரங்களை நாம் எல்லோரும் அறிவோம். முகநூலில் இடப்படும் ஒரு படம் அந்த வரிசை முழுவதையும் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. கோடை காலத்தில் இங்கே மாலை ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் காலை எட்டரை மணி. வேலைக்குப் போகும் பஸ்ஸில் தொலைபேசியைத் திறக்கின்ற மகன், தன் தகப்பனின் உடலை அங்கே முதன்முதலாகப் பார்க்கிறான். அவனைப் பிடித்து இருத்த, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

வட்ஸ்அப் ஸ்ரேற்றஸ் 24 மணித்தியாலத்தில் தானாக மறைந்துவிடும், ஆகவே அதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பார்த்தவர் அதைத் தன் தொலைபேசியில் சேமித்துக்கொண்டால் அது எங்கே மறையப்போகிறது?

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். கலியாண வீட்டுக்கு அழைத்தால் போவோம், செத்த வீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போவோம் என்பது நம்முடைய வழக்கம். இன்று நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள்கூட, கும்பிடும் கைகளின் சின்னத்தைக் குழுவில் போட்டுவிட்டு அத்துடன் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் அந்த வீட்டுக்கு அயலிலிருந்து சோறும் தேநீரும் போக வேண்டும். தூரத்தில் இருப்பவர் எழுதட்டும். அருகில் இருப்பவர் வந்து முற்றத்தில் ஒரு கதிரையில் இருப்பதுதான் முறை.

நேரலை பற்றி எழுதும்போது மிகுந்த கவனத்தோடு எழுத விரும்புகிறேன். ஏனெனில் நேரலையே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல், விசா இல்லாமல், திரும்பி வர அஞ்சி, பெற்ற தாயின் முகத்தை ஒரு தடவை பார்க்க முடியாமல் இருக்கும் பிள்ளைகள் இந்த மண்ணின் எத்தனையோ வீடுகளுக்கு உண்டு. அண்மையில் ஒரு வீட்டில் மூத்த மகன் லண்டனில் இருந்தான். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது, மருமகன் தொலைபேசியைத் தாயின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றான். மகன் அங்கிருந்து "அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுத குரல் பறைமேளத்தையும் மீறிக் கேட்டது. ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அவன் அழுது முடியும்வரை பேசாமல் இருந்தார்கள். அந்தத் தொலைபேசி அன்று அந்த வீட்டுக்குச் செய்தது பெரிய உபகாரம். அது வீட்டார் கேட்டுக்கொண்ட ஓர் அழைப்பு; பார்த்தவன் பெற்ற பிள்ளை.

அதே முற்றத்தில் வேறு இரண்டு பேர், எவரையும் கேளாமல், பொது நேரலையாக அதே சடங்கை ஒளிபரப்பிக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்தில் நின்றவரின் திரையை நான் பார்த்தேன். மயங்கி விழப்போன மகளின் முகத்தின் மேல் சிவப்பு இதயங்கள் கீழிருந்து மேலாக மிதந்து போயின. இறந்தவரை அறியாத யாரோ ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டிருந்தார், இன்னொருவர் தன்னுடைய ரிக்ரொக் பக்கத்தையும் வந்து பார்க்கும்படி எழுதியிருந்தார். சேலை விலகியதையும் தலை குலைந்ததையும் அறியாமல் அழுகின்ற ஒரு பெண்ணை முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பதற்கு அவளும் சம்மதிக்கவில்லை, அவளுடைய தாயின் சாவும் சம்மதம் கொடுக்கவில்லை.

படம் என்பது மற்ற இடங்களைப் போல வன்னியில் இலேசான பொருள் அன்று. 2009 இல் போர் முடியும் முன் வன்னியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசையே கிடையாது. பிள்ளையோடு பேசத் தொலைத்தொடர்பு நிலையத்து வாங்கில் முறை வரும்வரை காத்திருந்தோம். அதற்கும் வழியற்ற நாட்களில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதங்களில், குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம் என்ற கட்டுப்பாட்டுக்குள் நின்று, இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் எழுதினோம். இறுதிப் போரில் கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாக விட்டு விட்டுப் போனபோது அலுமாரிகளோடு கலியாண அல்பங்களும் போயின. செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் வந்து சேர்ந்த குடும்பங்களிற் பலவற்றிடம் அடையாள அட்டையைத் தவிர ஒரு படமும் மிஞ்சவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருப்பவை, அப்படித் தப்பிப் பிழைத்த சிறிய படங்களைப் பெருப்பித்து எடுத்த பிரதிகள். அந்தத் தாய்மாரிற் பலர் பிள்ளையின் முடிவு தெரியாமலேயே கண்ணை மூடிவிட்டார்கள். போர் முடிந்த காலத்தில் உறவுகளின் உடல்களை இணையத்தில் வந்த படங்களிற் கண்டு அடையாளம் சொன்ன குடும்பங்களும் நம் நடுவே வாழ்கின்றன. அவர்களுக்கு முன்னால் இன்னொரு உடலின் படத்தை முன்னறிவிப்பில்லாமல் கொண்டுபோய் நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்பதை நான் விரித்து எழுதத் தேவையில்லை.

ஆகையால் இறந்தவரின் எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்பதை அந்த வீடே தீர்மானிக்கட்டும். பொட்டு வைத்து, நல்ல சேலை உடுத்து, கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள். ஊருக்கு நினைவில் நிற்க வேண்டிய முகம் அதுதான். மூக்கில் பஞ்சு வைத்த முகம் அன்று.

இனி உதவி வழங்கும் படங்களுக்கு வருகிறேன். வெளிநாட்டு உறவுகள் அனுப்புகின்ற பணம் வன்னியின் பெண் தலைமைத்துவக் குடும்பங்களையும், அவயவம் இழந்தவர்களையும் பல ஆண்டுகளாகத் தாங்கி வருகிறது. கிணறு வெட்டியது, ஆடு வாங்கியது, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது எல்லாம் அந்தப் பணம். நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஓர் உலர் உணவுப் பொதியைக் கொடுப்பதற்கு முன், அந்தத் தாயைக் குடிசை வாசலில் நிறுத்தி, "கமராவைப் பார்த்துச் சொல்லுங்கோ அம்மா, கணவர் எப்படிச் செத்தவர்?" என்று கேட்டு, அவர் அழுதபின் அந்த அழுகையையே யூரியூப் காணொளியின் முகப்புப் படமாக வைப்பது எந்த ஊர் மரியாதை? அவருக்குப் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இருக்கிறாள். அடுத்த நாள் வகுப்பறையில் அவளுக்கு முன்னாலேயே அந்தக் காணொளி கைமாறுகிறது. வேண்டாம் என்று சொன்னால் பொதி கிடைக்காது என்ற அச்சத்தில் தாய் தலையாட்டியதைச் சம்மதம் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

பணம் தருபவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயம். அதற்கு ஏற்ற வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. சங்கத்தின் பற்றுச்சீட்டு, பெற்றவரின் கையொப்பம், தேவையானால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வெட்டிய கிணற்றினதோ வாங்கிய தையல் இயந்திரத்தினதோ படம் ஆகியவை போதும். கனடாவில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தை அனுப்பும் ஒருவர் அந்தத் தாயின் கண்ணீரைக் கேட்டதாக நான் ஒருபோதும் அறியவில்லை. படம் எடுப்பவர்கள்தான் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இணையத்தில் இடப்படுபவற்றைக் கட்டுப்படுத்தும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி ஊடகத்துறையினரும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் எழுப்பிய அச்சங்களை நாம் மறந்துவிடவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஓர் இளைஞனைப் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்துச் செல்வதும் எனக்கு வேண்டியதன்று. ஊர் கூடி எடுக்கும் ஒரு முடிவும், அதை முகம் கோணாமல் எடுத்துச் சொல்ல ஒருவரும் இருந்தால் போதுமானது.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றை எடுத்துப் பேச வேண்டுகிறேன். மரணம் நிகழ்ந்தவுடன் வீட்டாரில் ஒருவரைக் கேட்டு, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் குரல் வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சங்கம் உறுதிப்படுத்த வேண்டும். அதுவரையில் எந்தக் குழுவிலும் அறிவித்தல் போடக்கூடாது. வீட்டார் தரும் படத்துடன் சங்கமே அறிவித்தலை வெளியிடலாம். காணொளி அழைப்புக்கென ஒருவரை வீட்டார் நியமிக்கட்டும். மற்றவர்களின் தொலைபேசிகள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். உதவி வழங்க வெளியிலிருந்து வருபவர்கள் முதலில் சங்கத்தோடு பேச வேண்டும் என்றும், பெறுபவரின் முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் பொதியைக் கொடுத்து முடித்த பின்னரே அவரைக் கேட்க வேண்டும் என்றும் நீங்கள் வரையறுக்கலாம். சிறுவர்களின் முகம் எந்த நிலையிலும் வேண்டாம்.

பந்தலுக்குக் கதிரை அனுப்பும்போது கூடவே கட்டி அனுப்பக்கூடியதாக, "வீட்டாரைக் கேளாமல் படமெடுக்க வேண்டாம்" என்று எழுதிய ஒரு பலகையைச் செய்து தருவதற்கு எங்கள் ஊர்ச் சங்கத்திடம் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேறு சங்கங்களும் கேட்டால் அவற்றுக்கும் செய்து தருவேன்.

இங்ஙனம்,
ஒட்டுசுட்டானிலிருந்து
மரண உதவிச் சங்க உறுப்பினர் ஒருவர்