‘உடையலை’ என்று சொன்னவருக்கு

ஊர்க்காரர்களுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். மூளையில் ஆபரேஷன் முடிந்து எங்கள் பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று ராத்திரி ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வலது கையில் மட்டும் இன்னும் பலம் வரவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒருவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளைக்குள் இருப்பது புழுக்கட்டி, அதாவது நாயின் குடலில் இருக்கிற நாடாப்புழுவின் முட்டை வாய்வழியே உடம்புக்குள் போனால் வளர்கிற நீர்க்கட்டி. அதைப் பிடித்து இழுக்கக் கூடாதாம். தலையைத் தாழ்வாக வைத்து, கட்டிக்கும் மூளைக்கும் நடுவில் உப்புத்தண்ணீரை மெல்ல மெல்லச் செலுத்தினால் தானாக நழுவி வருமாம். டௌலிங் முறை என்றார், அர்ஜென்டினா டாக்டர் ஒருவர் பெயராம். (அங்கேயும் ஆட்டுப்பட்டி, நாய் எல்லாம் உண்டுதானே!) ஆனால் கட்டியின் தோல் மெல்லிசு. உடைந்தால் உள்ளிருக்கும் நீர் ஒவ்வாமல் மேசையிலேயே உயிர் போகலாம். தப்பித்தாலும், சிந்திய இடத்தில் புதுக்கட்டி முளைக்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும் ‘உடைஞ்சா’ என்ற அந்தச் சொல்தான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் தியேட்டர் வாசலில், காலையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன அண்ணன் வந்து நின்றார். டியூட்டி முடிந்து சட்டை மாற்றியிருந்தார், கையில் சாப்பாட்டுத் தூக்கு. அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்து, சாத்துக்குடி அளவு காட்டினார். “முழுசா வந்துருச்சு தம்பி. உடையலை. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். தையல் போட்டு வெளிய வர நேரமாகும், அதுவரைக்கும் நீங்க எதுக்குத் தவிக்கணும்?” அவர் வீட்டுக்குப் போகிற வழி அந்தப் பக்கமே இல்லை. சொல்வதற்கென்றே மாடியேறி வந்திருக்கிறார். என் மனைவி அப்போதுதான் அழுதாள்.

ரத்தம் கொடுத்த தம்பிகள், காப்பீட்டு அட்டைக்கு அலைந்த மாமா, எங்கள் ஆடுகளை மேய்த்த பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூட டீச்சர், டாக்டர்கள், நர்ஸம்மாக்கள் எல்லாருக்கும் கும்பிடு.

பாப்பாவுக்குப் புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரை இன்னும் ஓடுகிறது, ஸ்கேனும் பாக்கி. நாயை விரட்டச் சொன்னார்கள், பாப்பா விடவில்லை. சரி, அதற்கும் கால்நடை டாக்டரிடம் குடற்புழு மாத்திரை வாங்கியாயிற்று. ஆட்டு ஈரலில் இருக்கிற புழுக் கொப்புளத்தைத் தின்றால்தான் நாய்க்கு அந்தப் புழு வருமாம். கொப்புளம் போட்ட ஈரலை அதன் முன்னால் வீசியது என் கைதான். வருகிற கிடாவெட்டில் கழிவையெல்லாம் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கப் போகிறேன். மண்வெட்டியோடு நிற்பேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.