குப்புறப் படுத்த பயில்வான்

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ படியேற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது நம்முடைய பழைய மல்யுத்த ட்ரம்ப் கார்டு கட்டு கிடைத்தது. ரப்பர் பேண்டு உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்டர்டேக்கர் கார்டின் ஒரு மூலை மட்டும் லேசாக மடங்கியிருக்கிறது. நீ அடையாளம் வைத்துத்தான் ஜெயித்திருக்கிறாய், திருட்டுப்பயலே!

என் பையன் அதைப் புரட்டிவிட்டு, "எல்லாம் செட்டப்தானேப்பா?" என்றான். ஆமாம் என்றேன். ஆனால் அந்தக் கட்டில் இல்லாத ஒருவரைப் பற்றி அன்று ராத்திரி அவனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். நம் ஊர் பயில்வான் காமா என்று நினைப்பாய். இல்லை, காமாவோடு மோதிய போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ.

1910 செப்டம்பர் 10, லண்டன். உயரம் போதாது என்று முதலில் காமாவைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தவர்கள், அமெரிக்கப் பயில்வான் டாக்டர் ரோலரை அவர் சாய்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜான் புல் பெல்ட் என்ற உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஸ்பிஷ்கோவைச் சீக்கிரமே கீழே தள்ளிவிட்டார் காமா. முதுகு தரையில் பட்டால்தானே தோல்வி? ஸ்பிஷ்கோ எழவே இல்லை. குப்புறப் படுத்து, புரட்ட விடாமல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். டிரா! மறுபடி மோத 17-ம் தேதி குறித்தார்கள், ஆள் வரவில்லை. பெல்ட் காமாவுக்குப் போனது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவருக்கு அதுவே உத்தி.

கோழை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் 1925-ல் நடந்ததைப் படித்தேன். அதற்குள் அமெரிக்காவில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. வெய்ன் மன் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரரைச் சாம்பியனாக்கி வைத்திருந்தார்கள். குஸ்தி அவ்வளவாகத் தெரியாது. பிலடெல்ஃபியாவில் அவரிடம் ஸ்பிஷ்கோ தோற்றுக்கொடுக்க வேண்டும். மேடை ஏறியவர் பேச்சை மீறி நிஜமாகவே மல்லுக்கு நின்றார். மன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். போட்டி நடத்தும் எதிர்க்கோஷ்டிக்காரர்கள் ஸ்பிஷ்கோவைக் கையில் போட்டிருந்தார்கள் என்பது வேறு கதை. அடுத்த மாதமே பட்டத்தை அந்தக் கோஷ்டியின் ஜோ ஸ்டெக்கரிடம் விட்டும் கொடுத்தார். கணக்குப் போட்டால் அதுவும் செட்டப்தான். ஆனால் மன் விழுந்தது நிஜம்.

இதற்கு மூன்று வருஷம் கழித்து, ஐம்பதை நெருங்கும் வயதில், அவர் கடல் தாண்டிப் பாட்டியாலாவுக்கு வந்தார். மகாராஜா ஏற்பாடு. இந்த முறை மெத்தை கிடையாது, கிளறிவிட்ட மண். எதிரே அதே காமா. ஒரு நிமிஷத்துக்குள் முதுகு மண்ணில் பட்டுவிட்டது.

நம் பயில்வான் தாரா சிங்கை 2018-ல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது நாம் இரண்டு பேரும் குதித்தோம். காமாவுக்கும் நம் ஊரில் பேருக்குக் குறைவில்லை. லண்டனில் படுத்தே தப்பித்தவர் பதினெட்டு வருஷம் கழித்துத் தேடி வந்து தோற்றாரே, அவரை யார் கொண்டாடுவது சொல்?

பையன் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஸ்பிஷ்கோவுக்கு கார்டு செய்துகொண்டிருக்கிறான். உயரமும் எடையும் எழுதியாகிவிட்டது. ரேங்க் என்ன போடுவது என்று கேட்கிறான். நீயே சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்