ஒரு வரி ஸ்கிரிப்டில் முடியாது, சேகர்

திருச்சி

அன்புள்ள சேகர்,

நலம். உன் குரல் பதிவை அன்றைக்கே கேட்டுவிட்டேன். விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். கம்ப்யூட்டர் வேண்டாம், வரலாறுதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாளாமே? படிக்கட்டும் விடு. அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் கண்புரை எடுத்தாயிற்று. "இனி இந்த வீட்டில் கண் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்டா" என்று என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி நிதி நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கும் தளத்தில் ஸ்கிரிப்ட் எனும் நிரல் துணுக்கை ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாம் பார்வையற்றவர்களுக்கு ஏற்றதாகிவிடும் என்று ஒருவர் வந்து சொன்னாராம், மேனேஜரும் தலையாட்டுகிறாராம். வாங்க விடாதே. அமெரிக்காவில் அக்சஸிபீ என்ற நிறுவனம் இதையேதான் சொல்லி விற்றது. அந்தப் பேச்சுக்கு ஆதாரமில்லை என்று 2025 ஜனவரியில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, பத்து லட்சம் டாலர் கட்டவைத்தது. மூலையில் ஒரு சின்னம், அதைத் தொட்டால் எழுத்து பெரிதாகும், ஒரு குரல் படிக்கும், இதுதானே அந்த ஸ்கிரிப்ட்? குரல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் ஒரு பக்கம் பேச, இதுவும் நடுவில் பேச ஆரம்பித்தால் ஒரே தெருவில் இரண்டு கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அலறுவதைப் போலத்தான். எனக்கு வேண்டியது இன்னொரு குரல் இல்லை. அந்தக் குரல் படிப்பதற்கு நிரலில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். என் வங்கியின் செயலியைச் சமீபத்தில் புதுப்பித்தார்கள். பெயரைக் கேட்காதே. முன்பெல்லாம் திரையில் விரலை நகர்த்தினால், ஆண்ட்ராய்டு போனில் திரையைப் படிக்கும் டாக்பேக் "இருப்பு, பட்டன்", "பணம் அனுப்பு, பட்டன்" என்று ஒழுங்காகச் சொல்லும். இப்போது எழுத்தை எடுத்துவிட்டு அழகான படங்களாக வைத்துவிட்டார்களாம். எனக்குக் கேட்பது: "பட்டன். பட்டன். பட்டன்." இதில் எது பணம் அனுப்புவது, எது கார்டை முடக்குவது? தட்டித்தான் பார்க்க வேண்டும். காசு விஷயத்தில் தட்டிப் பார்க்கும் துணிச்சல் எனக்கில்லை. இத்தனைக்கும் வேலை சின்னது. ஆண்ட்ராய்டில் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன் என்று ஓர் இடம் இருப்பது உனக்கே தெரியும்; அதில் "பணம் அனுப்பு" என்று எழுதினால் முடிந்தது. ஆனால் அதிலேயே "பட்டன்" என்றும் சேர்த்து எழுதிவிடாதே. அதை டாக்பேக்கே சொல்லும். நீயும் எழுதினால் "பணம் அனுப்பு பட்டன், பட்டன்" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதைவிட மோசம் பின் எண் போடும் பலகை. ஒவ்வொரு முறையும் எண்கள் இடம் மாறுகின்றன, எந்த எண்ணும் பேசுவதில்லை. புகார் செய்தால் பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதன் பலன், என் பின் எண்ணை நான் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிப் போடச்சொல்ல வேண்டியிருக்கிறது! ஹெட்போன் மாட்டியிருக்கும்போது மட்டும் எண்ணைச் சொல்லும்படி வைத்தால் யார் காதுக்குப் போய்விடப் போகிறது?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை, எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று ஆராய்கிறது. 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் பிழை இருந்தது. பெரிய தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் இல்லை. மங்கிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம் என்று வருடா வருடம் அதே பட்டியல்தான். மங்கிய எழுத்து எனக்குப் பொருட்டில்லை, அம்மாவுக்குப் பொருட்டு. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்தை அவரால் படிக்க முடிவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, தளங்களை எல்லோருக்கும் ஏற்றதாக்குவதற்கான உலகளாவிய வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில் விதியே இருக்கிறது. உங்கள் டிசைனருக்கு அது தெரியுமா என்று கேள்.

தமிழில் செய்யும்போது கூடுதலாக ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க வேண்டும். ஆங்கிலத் தளத்தை நகலெடுத்து எழுத்தை மட்டும் மாற்றினால் ஆங்கிலக் குரல் வந்து தமிழை உளறிவைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போடுவது இன்னும் கொடுமை. உனக்குத் திரையில் "அம்மா" தெரியும். எனக்கு "எம், கே, செமிகோலன், கே, எச்". எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை, தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் எனக்கு வரும் ஆய்வேடுகளில் பாமினி ஓய்ந்தபாடில்லை. தமிழ்ப் பேராசிரியன் தமிழை மறுபடி யூனிகோடில் தட்டச்சு செய்து தரச்சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது, போ.

அப்புறம், மேனேஜரைப் பயமுறுத்த உனக்கு ஓர் ஆயுதம் தருகிறேன். அமிலவீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. வங்கிக் கணக்குக்கான கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு செய்யும்போது "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று செயலி கேட்கிறதே, அமிலவீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொன்னால் வட்டம் எங்கே என்று எனக்கு யார் சொல்வது? இணையத்தை அணுகுவதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 கட்டளைகள் போட்டிருக்கிறார்கள். சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், அவ்வப்போது தகுதி பெற்றவர்கள் தணிக்கை செய்ய வேண்டும், வெளியிடும் முன் சோதிக்கும்போதே பார்வையற்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பவையும் அதில் உண்டு.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பிடித்துக்கொள். எல்லாம் முடிந்த பிறகு எங்களை வரவழைத்து, பிஸ்கட் கொடுத்து, "எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்பதில் பயனில்லை. அப்போது சொன்னால் "அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்" என்பீர்கள். பாதி வேலையில் கூப்பிடுங்கள். அதற்குமுன் நீயே என்விடிஏவை இறக்கிக்கொள். இலவசம்தான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது; அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் உங்கள் கடன் விண்ணப்பத்தை ஒருமுறை நிரப்பிப் பார். டேப் விசையால் எட்டமுடியாத இடத்தில் "சமர்ப்பி" பட்டன் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விடுதியில் எனக்காகப் பாடப் புத்தகம் முழுவதையும் கேசட்டில் படித்துக் கொடுத்தவன் நீ, பொறுமை உனக்குப் புதிதில்லை.

தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருகிறாய் அல்லவா? செயலியின் சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொண்டு வா. நானும், இங்கே வங்கியில் வேலை செய்யும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து பார்க்கிறோம். அவர்களுக்கான கட்டணத்தை மட்டும் உன் மேனேஜரிடம் முன்பே பேசி வாங்கிவிடு. சாப்பாடு அம்மா கணக்கு.

அன்புடன்,
பழனி