பழங்காநத்தத்தில் வண்டியைக் கிளப்பித் தந்த ஆட்டோ அண்ணனுக்கு

செவ்வாய்க்கிழமை காலை, மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் சறுக்கி என் பழைய ஸ்கூட்டர் சாய்ந்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நிமிர்த்திய பிறகு வண்டிதான் கிளம்பவில்லை. செல்ஃபை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். பெட்ரோல் வாடைதான் வந்தது.

யாரும் கூப்பிடாமலே ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தீர்கள். "கையை மடக்க முடியுதாம்மா?" என்று முதலில் கேட்டீர்கள். அப்புறம்தான் வண்டி. "செல்ஃப் போடாதீங்க, பேட்டரி இறங்கிரும். சாஞ்சதுல கார்புரேட்டர் பெட்ரோல் இன்ஜினுக்குள்ள போயிருக்கு."

ஸ்டாண்டு போட்டு, உங்கள் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினீர்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோள் துண்டின் நுனியால் துடைத்து, ஊதி, வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்து மாட்டினீர்கள். பின் பிரேக்கைப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி உதைத்தீர்கள். நாலாவது உதைக்கு ஒரு புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது!

காசு நீட்டினேன். "பிரேக் லிவர் வளைஞ்சிருக்கு, முதல்ல அதை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த வெள்ளைத் துண்டில் கரி பட்டது வேறு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ரொம்ப நன்றி அண்ணே. லிவரை அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன்.