வலிக்காத கண்ணைப் பற்றி

முள்ளியவளை
ஆனி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாதி ஆஸ்பத்திரிச் சோற்றுக்குத் திட்டு, மீதி எனக்குத் திட்டு. "ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கண் இருட்டினதற்கு என்னை வார்ட்டில் மறித்து, நெஞ்சில் வயர் ஒட்டி, கழுத்துக்கு ஸ்கான் எடுக்க நாளும் குறித்துவிட்டார்கள். கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்துகூடத் தரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். சோற்றுக்கு நான் பொறுப்பில்லை. மற்றதற்கு விளக்கம் சொல்கிறேன். கண் கிளினிக்கில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்றே தலை நரைத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் ஊர்ப் புதினம். முத்தையன்கட்டின் கீழ் சிறுபோகம் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது. மயிலுக்குக் காவல் இருந்தே பெடியள் களைத்துப் போனார்கள். இந்த வருஷம் பாலைப்பழம் நல்ல காய்ப்பு, காட்டுக்குள் குரங்கும் கரடியும் விட்டது போக மிச்சம் சந்தைக்கு வருகிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நீ வராததை எங்கள் பழைய கூட்டம் முழுக்க விசாரித்தது. வருத்தம் என்று சொல்லவில்லை, வயல் வேலை என்றேன்.

சரி, கண்ணுக்கு வருகிறேன்.

அன்றைக்கு ரெலிபோனில் யானை வேலி, உரவிலை, மருமகனின் வேலை எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, வைக்கப் போகும்போதுதான் சொன்னாய்: வலக்கண்ணில் மேலிருந்து கறுப்புச் சீலை இறங்கின மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்தில் தானாகவே தெளிந்துவிட்டது என்று. நான் சத்தம் போட்டது அதற்குத்தான். உன் கண்ணில் நோய் இல்லை மச்சான். நோய் கண்ணுக்குப் போகிற வழியில் இருக்கிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் மேலே ஏறுகிற பெரிய இரத்தக் குழாய்தான் மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் கொடுக்கிறது. அதன் சுவரில் கொழுப்புப் படிந்திருந்தால் அதிலிருந்து ஒரு துணுக்கு கழன்று போகலாம். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்தால் அதற்குள்ளேயே இரத்தம் கட்டிபட்டு அங்கிருந்தும் புறப்படலாம். அப்படி ஒன்று கண்ணின் சின்னக் குழாயில் போய்ச் சிக்கினால் அந்தக் கண் இருட்டும். கரைந்தாலோ நகர்ந்தாலோ வெளிச்சம் திரும்பும். அதே துணுக்கு மூளைப் பக்கம் திரும்பியிருந்தால் அதற்குப் பெயர் பாரிசவாதம். இப்படி ஒரு முறை வந்து போனால், அடுத்து வரக்கூடிய பாரிசவாதத்துக்கு முதல் இரண்டு நாட்கள்தான் மிக ஆபத்தானவை. நெஞ்சு வயரும் கழுத்து ஸ்கானும் பிறஷர் பார்த்ததும் அதற்காகத்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தெளியாமல் விட்டிருந்தால்? கண்ணின் பிரதான குழாய் அடைபட்டு நின்றால், விழித்திரை தாங்குவது சில மணித்தியாலம்தான். நாலு மணித்தியாலம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், சேதம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். எங்கள் ஊர்களில் இருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். நெடுங்கேணி றோட்டில் இரவு யானை நின்றால் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. விடியட்டும், பஸ்ஸில் போவோம் என்று இருந்தால் கதை முடிந்துவிடும். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை. நெஞ்சு வலிக்கு அதைக் கூப்பிடுகிற எங்கள் சனம் கண்ணுக்கென்றால் கூச்சப்படுகிறது.

கிளினிக்கில் நான் கண்ட கூத்து இதுதான். கண்ணுக்குள் உமி விழுந்தவன், கண் சிவந்து பீளை தள்ளியவன் எல்லாம் காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்பான். பார்வை போனவன் மாதக் கணக்கில் வீட்டில் இருப்பான். கேட்டால் "வலிக்கவில்லையே" என்பான். விழித்திரைக்கு வலி தெரியாது மச்சான். அது கிழிந்தாலும், இரத்தம் நின்று செத்தாலும், ஒரு சின்னக் குத்துக்கூட இருக்காது. அது போதாதென்று மற்றக் கண் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். சவர்க்காரம் பட்டு நல்ல கண்ணை மூடினபோதுதான் மற்றதில் பார்வை இல்லை என்று கண்டுபிடித்தவர்களுக்கு நானே துண்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் "நேற்றுத்தான் திடீரென்று போனது" என்பார்கள். எப்போது போனது என்று யாருக்குத் தெரியும்? எழுத்துப் பலகையில் மேல் எழுத்தும் தெரியாமல், விரலை எண்ணச் சொல்லி, கை அசைவைக் காட்டி, கடைசியில் டோர்ச் வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டுக் கொப்பியில் எழுதும்போது, கூட வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணையை உனக்குத் தெரியும். 2009இல் ஷெல் துண்டு பட்டு இடக்கண் போனவர். இருக்கிற கண்ணும் கிட்டப் பார்வைக் கண், தடித்த கண்ணாடி. அவருக்குப் போன மாரியில் அந்தக் கண்ணின் ஓரத்தில் மின்னல் அடித்தது. இருட்டுக்குள்ளும் அடித்தது. பிறகு கொசுக் கூட்டம் மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். மனிசன் கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே வந்துவிட்டார், அதுதான் அவருடைய கெட்டித்தனம். விஷயம் இதுதான்: வயது போகப் போகக் கண்ணுக்குள் இருக்கும் கூழ் இளகிச் சுருங்கி விழித்திரையைவிட்டுக் கழரும். பெரும்பாலானவர்களுக்கு அது சும்மா கழன்றுவிடும், நாலு புள்ளி மிதக்கும், அதோடு சரி. சிலருக்குக் கழரும்போது விழித்திரையையும் இழுத்துக் கிழித்துவிடும். வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையை அன்றைக்கே மிதித்து அடைத்தால் ஒரு பிடி மண் போதும், விட்டால் தண்ணீர் வரம்பையே பெயர்த்துக்கொண்டு போகும். இங்கேயும் கிழிசலுக்குள்ளால் திரவம் புகுந்து விழித்திரையைச் சுவரில் இருந்து உரித்துவிடும். அப்போதுதான் ஓரத்தில் இருந்து நிழல் ஒன்று ஏறும். கிழிசலோடு நிற்கும்போது பிடித்தால் லேசர் போதும். உரிந்துவிட்டால் பெரிய ஒப்பரேசன், கண்ணுக்குள் வாயுக் குமிழி விட்டு நாட்கணக்கில் தலையைக் குனிந்தபடி இருக்கவும் சொல்வார்கள். குமிழி கரையும்வரை பிளேன் ஏறவே கூடாது, கனடாவில் இருக்கும் பிள்ளை டிக்கட் அனுப்பினாலும். நிழல் நடுப்பார்வைக்கு வரமுன் ஒப்பரேசன் செய்தால் கிடைக்கிற பார்வை வேறு, வந்தபின் செய்தால் கிடைப்பது வேறு. அண்ணைக்கு யாழ்ப்பாணத்தில் லேசர் பிடித்தார்கள். இப்போதும் அந்தக் கண்ணாலேதான் ரியூப்பில் ஓட்டை தேடுகிறார்.

கிட்டப் பார்வை கூடியவர்கள், புரை ஒப்பரேசன் செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் இது இருப்பவர்கள், இவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அடிபட்டது எத்தனையோ வருஷத்துக்கு முந்தியது என்றாலும் பின்னர் வரலாம். எங்கள் பக்கத்தில் அடிபடாதவன் யார்? இதோடு இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், உன் தோளுக்குள் இருக்கும் ஷெல் துண்டுகளை நினைத்து. நாளைக்கு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால், உடம்புக்குள் இரும்பு இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு. அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணுக்குள் இரும்புத் துண்டு இருப்பவனை அதற்குள் விட்டால் துண்டு அசைந்து இருக்கிற பார்வையையும் கெடுத்துவிடும். கேட்பார்கள்தான், ஆனால் நெரிசலில் கேட்க மறந்துபோவதும் நடக்கும்.

சீனி வருத்தக்காரருக்கு இன்னொரு வகை. பழுதான சின்னக் குழாய் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியும். புகை படர்ந்த மாதிரி, சிலந்தி வலை தொங்கின மாதிரித் தெரியும். அதற்கும் வலி இல்லை. வலிக்கிற வகையும் ஒன்று இருக்கிறது, அதையும் பிழையாகத்தான் விளங்கிக்கொள்கிறோம்: கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, தலை பிளந்து, சத்தியும் வரும். கண்ணுக்குள் அமுக்கம் திடீரென ஏறுவதால் வருவது. சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். அதுவும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வருத்தம். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குத் தலை சீவும்போது மண்டைத் தோல் நொந்து, சாப்பாட்டைச் சப்பும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால், அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். மருந்து தாமதித்தால் மற்றக் கண்ணும் போய்விடும்.

இனி உனக்கு ஒரு சின்ன வேலை. காலையில் முகம் கழுவினதும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் கலண்டரைப் பார். பிறகு மற்றக் கண். கட்டங்களின் கோடு நெளிகிறதா, நடுவில் ஏதாவது காணாமல் போகிறதா, ஒரு கண்ணில் சிவப்பு மங்கித் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். திரும்ப எப்போதாவது இருட்டினால் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. ஒரு கண்ணில் மட்டும் என்றால் கோளாறு கண்ணில் அல்லது அதற்குப் போகும் குழாயில். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒரே பக்கத்துப் பாதி தெரியவில்லை என்றால் அது மூளை. எதுவென்றாலும் போகிற இடம் ஒன்றுதான், ஆனால் டொக்டருக்கு நேரம் மிச்சம். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு நெளிநெளியான மின்னல் கோடு இருபது, முப்பது நிமிஷம் ஓடும், அது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் தெரியும். ஆனால் முதல் தரம் வந்தால் அதையும் நீயே தலைவலி என்று முடிவு கட்டாதே.

உன் மனைவியிடம் சொல், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பக்கத்து வீட்டில் மிஞ்சின சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். கண்ணகை அம்மனுக்கு வெள்ளிக் கண்மடல் நேர்ந்திருக்கிறா என்று மகள் சொன்னாள். நல்லது, வைக்கட்டும். வற்றாப்பளையில் கிழவி வடிவில் வந்த அம்மனுக்குப் பேன் பார்த்த இடைச் சிறுவனுக்கு அந்தக் கிழவியின் தலையில் ஆயிரம் கண் தெரிந்ததாம், உனக்கு இருப்பது இரண்டு. நேர்த்தியை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து தீர்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்போ வயலுக்கு அடிக்கிற மருந்தோ கண்ணில் பட்டால் மட்டும் உடனே வெளிக்கிடாதே. கிணற்றடியில் நின்று அரை மணித்தியாலமாவது இமையைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் மோட்டார்சைக்கிளில் போகாதே. கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். மகளையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு போ. கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள். அவர்கள் தந்த அஸ்பிரினை நீயாக நிறுத்தவும் கூடாது, ஊரில் யாருக்காவது கை கால் விழுந்தால் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. மூளையில் அடைப்பா, இரத்தப் பெருக்கா என்று ஸ்கான் பார்க்காமல் தெரியாது, பெருக்கென்றால் அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். சுருட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்து ஸ்கான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரே சொல்லட்டும்.

ஸ்கானுக்கு முதல்நாளே இங்கே வந்து நிற்பாய் என்றால் நானும் கூட வருவேன், அங்கே யாரைப் பிடித்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியும். வராவிட்டாலும் திகதியையும் மருமகனின் நம்பரையும் அனுப்பு. மகள் தந்த நம்பர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்