மானுக்கு நிற்கிறோம், மனிதருக்கும் நிற்போம்

திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நகரின் உள்வீதிகளில் வாகன வேகத்தை மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைக்கும்படி கேட்டு எழுதுகிறேன்.

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வீதிக்கு வந்தால் நம் ஊரில் பஸ்ஸும் நிற்கும், ஓட்டோவும் நிற்கும். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் எழுபத்தாறு வயதான என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகக் கடவையில் இறங்கினால், மோட்டார் சைக்கிள்கள் அவருக்கு முன்னாலும் பின்னாலும் வளைந்து பறக்கின்றன. இரண்டு தடவை பாதியில் திரும்பி வந்துவிட்டார். இப்போது அவரைத் தனியே அனுப்புவதில்லை.

ஊருக்குள் கார்களுக்குச் சட்டம் தரும் வேகம் 50. குறுக்கே ஓடும் பிள்ளையைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் கார் 14 மீற்றர் போய்விடும், வேகம் கொஞ்சமும் குறைந்திருக்காது. 30இல் வந்த கார், காய்ந்த வீதியில், ஏறக்குறைய அதே 14 மீற்றருக்குள் நின்றே விடும். மோதினாலும் அடி ஒன்றல்ல. 50இல் வரும் வண்டியின் இயக்க சக்தி 30இல் வருவதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மாரியில் வீதி நனைந்தால் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

நேரம் வீணாகும் என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். எங்கும் நிற்காமல் 3 கிலோமீற்றர் ஓட 50இல் 3 நிமிடம் 36 வினாடி, 30இல் 6 நிமிடம். சந்திக்குச் சந்தி நின்று போகும் நம் ஊரில் அந்த வித்தியாசமும் வராது.

இது புதுமையான கோரிக்கை அல்ல. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992இலேயே குடியிருப்பு வீதிகளில் 30ஐக் கொண்டுவந்தது. மக்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30ஐத் தாண்டக்கூடாது என்று வீதிப் பாதுகாப்பு பற்றிய உலக அமைச்சர்கள் மாநாட்டின் 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது.

கண்டி வீதி, அநுராதபுர வீதி முழுவதையும் நான் கேட்கவில்லை. பாடசாலை, சந்தை, வைத்தியசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் இருக்கும் துண்டுகள் போதும். அம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கட்டும். ஆனால் பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போகாதீர்கள். கடவைகளை நடைபாதை உயரத்துக்கு மேடாக்குங்கள். பொலிஸார் இல்லாத நேரத்திலும் அந்த மேடு வண்டியை மெதுவாக்கும்.

கோயிலடிக் கடவையில் தொடங்குங்கள். அளவெடுக்க வருபவர்களைப் பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு வரச் சொல்லுங்கள். நானும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவர்